தேரி மணலில் மாப்பிள்ளை ஜீப்

ஓடைக்கரைவிளைக்காரர்கள் எதையும் யோசிக்காமல் செய்ய மாட்டார்கள். சிக்கலே அதுதான்.

அந்த ஊர் லிங்கதுரைக்குக் கல்யாணம். பெண் பேச்சிக்கனி, தேரிக்கு அந்தப் பக்கம் தோப்புவிளை. தார் ரோட்டில் சுற்றிப் போனால் பதினெட்டுக் கிலோமீட்டர். தேரி என்கிற அந்தச் செம்மணல் மேட்டைக் குறுக்கே கடந்தால் நாலே கிலோமீட்டர். லிங்கதுரையின் அக்கா புருஷன் தங்கப்பழத்திடம் ஒரு பழைய ஜீப் இருந்ததால், மாப்பிள்ளை தேரி வழியாகவே போய் இறங்குவது என்று முடிவாயிற்று.

"மணல்ல மாட்டிக்கிட்டா?" என்று கேட்டான் சித்தப்பா மகன் சித்திரைவேல். மூவரில் அவன்தான் புத்திசாலி என்று மற்ற இருவரும் சொல்வார்கள்.

எனவே முதல் நாளே டவுனுக்குப் போய், மாட்டின வண்டியை மீட்கிற சாமான் விற்கும் கடையில் ஏறினார்கள். கடைக்கார அண்ணாச்சி பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"இழுவைப் பட்டையும் வண்டி எடையும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும் தம்பி. மண்வெட்டி எப்பவும் கையில இருக்கணும். மணல்ல எறங்குமுன்ன டயர்ல காத்தைக் குறைங்க, வெளிய வந்ததும் திரும்ப அடிச்சிக்கிடுங்க. இழுக்கும்போது பட்டையோட ரெண்டு முனையும் வண்டிக் கொக்கியில சரியா மாட்டியிருக்கணும். அறுந்தா ஆளை அடிச்சிரும், அதனால எல்லாரும் தள்ளி நிக்கணும்."

சித்திரைவேல் அத்தனையையும் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதிக்கொண்டான்.

கடையில் மிச்சமிருந்தது எட்டு டன் பட்டை ஒன்றுதான். ஜீப்போ ஒன்றரை டன். வீட்டில் பட்டையை நடுவே வைத்து மூவரும் உட்கார்ந்தார்கள்.

"பொருந்தலியே மச்சான்" என்றான் லிங்கதுரை.

"பட்டையைக் குறைக்க முடியாது. வண்டியைக் கூட்டலாம்" என்றார் தங்கப்பழம்.

மறுநாள் காலை ஜீப்பில் கருங்கல் ஏற்றினார்கள். ஒரு டன்னோடு இடம் தீர்ந்துவிட்டது. "மீதிக்கு நாம மூணு பேரும் ஏறுறோம்ல" என்றான் சித்திரைவேல். கணக்கு சரியாகத்தான் பட்டது.

தேரி விளிம்பில் இறங்கி டயர்களில் காற்றைக் குறைத்தார்கள். திரும்ப அடிக்க அதே காற்று வேண்டுமே! பாலித்தீன் பைகளில் பிடித்து, வாயைக் கட்டி, முன் டயர், பின் டயர் என்று பேர் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

நூறடி போயிருக்காது. ஜீப் வயிறு வரை மணலில் உட்கார்ந்தது. மணி எட்டரை. முகூர்த்தம் ஒன்பதரைக்குள். பட்டு வேட்டியும் மாலையுமாக இருந்த லிங்கதுரை கையில் மண்வெட்டி.

"வெட்டட்டுமா?"

சித்திரைவேல் பத்திரிகையைப் பார்த்தான். "கையில இருக்கணும்னுதான் எழுதியிருக்கு. வெட்டச் சொல்லலியே."

பிறகு பட்டையின் ஒரு முனையை ஜீப்பின் முன் கொக்கியில் மாட்டி, கூரை மேலாகக் கொண்டுபோய், மறு முனையை அதே ஜீப்பின் பின் கொக்கியில் மாட்டினார்கள்.

"நல்ல கெட்டி. இனி வண்டி எங்கயும் போவாது" என்றார் தங்கப்பழம் திருப்தியாக.

அப்புறம் தள்ளி நின்றார்கள். அதாவது, ஒரு தள்ளு தள்ளினார்கள், நின்றார்கள். மறுபடி தள்ளினார்கள், நின்றார்கள். ஜீப் இன்னும் ஒரு சாண் இறங்கியது.

லிங்கதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் ஏமாத்திட்டேன்னு நெனச்சிருவா மச்சான்." போன் அடித்தான். பேச்சிக்கனியே எடுத்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"ஜீப்புல."

"ஜீப்பு எங்க இருக்கு?"

"மணல்ல."

"மணல் எங்க இருக்கு?"

"ஜீப்புக்குக் கீழ."

அவள் அப்பாவை டிராக்டர் எடுக்கச் சொல்லிவிட்டுத் திரும்பவும் போனுக்கு வந்தாள். "அசையாம இருங்க. நாங்க வாறோம்."

பெண் வீட்டார் டிராக்டரில், ஐயரோடும் ஓமச்சட்டியோடும் வந்து சேர்ந்தபோது மூவரும் அசையவே இல்லை. சித்திரைவேல் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது; அதை ஓட்டவும் இல்லை. பெண்ணின் அப்பா கல்லை இறக்க வைத்தார். டிராக்டர் தன் சங்கிலியால் ஒரே இழுப்பில் ஜீப்பைக் கெட்டித் தரைக்குக் கொண்டுவந்தது.

"நேரமாயிட்டு, இங்கயே நடத்திருவோம்" என்று ஐயர் நெருப்பை மூட்டினார்.

தாலி கட்டுகிற நேரத்திலும் லிங்கதுரை மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்தார்கள். "கொண்டாங்க, நான் வச்சிக்கிடுறேன்" என்று பேச்சிக்கனி வாங்கிக்கொண்டாள். தாலி ஏறியது.

"பொண்ணைக் கூட்டிக்கிட்டு அக்னியை மூணு சுத்து வாங்கோ" என்றார் ஐயர்.

லிங்கதுரை பேச்சிக்கனியை ஜீப்பில் ஏற்றி, ஸ்டார்ட் செய்து, அக்னியைச் சுற்ற ஆரம்பித்தான். யாரும் தடுப்பதற்குள் ரெண்டு சுற்று ஆகிவிட்டது. ரெண்டரையில் ஜீப் மறுபடி மணலுக்குள் இறங்கியது.

ஐயர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டரைச் சுத்துக் கல்யாணம் செல்லுமா?" என்று பெண்ணின் அப்பா கவலையோடு கேட்டார்.

பேச்சிக்கனி ஜீப்பிலிருந்தே சொன்னாள்: "இதுக்கு ஏம்ப்பா இவ்வளவு யோசனை? வண்டி நகராட்டி நெருப்பு நகரும்ல."

லிங்கதுரை அவளைப் பெருமையோடு பார்த்தான். அவள் அப்பாவும் தங்கப்பழமும் ஈரச் சாக்கால் ஓமச்சட்டியைத் தூக்கிக்கொண்டு ஜீப்பை அரைச் சுற்று சுற்றினார்கள். மந்திரம் சொல்லிக்கொண்டே ஐயர் பின்னால் ஓடினார். எல்லோரும் அட்சதை போட்டார்கள்.

சித்திரைவேலுக்கு மட்டும் முகம் தெளியவில்லை.

"மச்சான், கடைசியில சுத்துனது நெருப்புல்லா? சுத்தப்பட்டது ஜீப்புல்லா? அப்ப அது ரெண்டுக்கும்லா கல்யாணம் ஆயிருக்கும்?"

தங்கப்பழம் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்:

"அது செல்லாதுடே. ஜீப்பு ஏற்கெனவே எம்பேர்ல ரிஜிஸ்டர் ஆயிருக்கு."