தீர்த்தகிரியின் டெமோ கிளாஸ்

தீர்த்தகிரிக்கு பிரெஞ்சுன்னா உசுரு. எம்.ஏ., பி.எச்.டி., நெட்டு, அதுக்கு மேல பாரிஸ்ல மூணு மாசம். பட்டத்தையெல்லாம் போட்டா விசிட்டிங் கார்டுல பேரு போட எடமில்ல. ஆனாலும் தலை நரைக்கிற வரைக்கும் தற்காலிக வாத்தியார்தான்.

இப்ப அவர் படிச்ச காலேஜுலயே நிரந்தர வேலை ஒண்ணு காலி. ஆள் எடுக்கிறது, அவருக்கு பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த அமலோற்பவம் மேடமேதான்.

“மேடம், இன்னும் எனக்கு என்ன தகுதி குறையுது? சொல்லுங்க, அதையும் வாங்கிடறேன்.”

மேடம் ஃபைலைத் தொறக்கக்கூட இல்ல. “முதல் வருசப் பசங்களுக்கு ஒரு கிளாஸ் எடு. நான் கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறேன்.” முதுகுல தட்டிக்கொடுத்து அனுப்பினாங்க.

உள்ள போனதுமே வெடி. “என் கிளாஸ்ல பிரெஞ்சு மட்டும்தான். தமிழ்ல வாயைத் தொறந்தா வெளிய!”

போர்டுப் பக்கம் திரும்பி எழுதினாரு. மறுபடி இந்தப் பக்கம் பாத்தா, அத்தனை பசங்களும் கண்ணு பிதுங்க உக்காந்திருக்கு. பாரிஸ் உச்சரிப்புன்னா சும்மாவா! தீர்த்தகிரிக்குக் காலு தரையில நிக்கல.

முன் பெஞ்சுல ஒரு பொண்ணு நடுங்கிக்கிட்டே எந்திரிச்சு, ‘சார்’ங்கிறதை பிரெஞ்சுல சொல்லிக் கூப்பிடப் பாத்தா. “முஸ்யே... முஸ்யே...”

தீர்த்தகிரி வெரலை ஆட்டினாரு. உச்சரிப்பு தப்பாம். திருத்திச் சொல்லணுமாம்.

“மெ... மெஸ்... ஐயோ சார், உங்க...”

“தமிழா? வெளிய போ!” இதை மட்டும் அவர் நல்ல தமிழ்லயே சொன்னாரு.

அவ போய்ட்டா. அப்புறம் மூச்சுச் சத்தம்கூட இல்ல. மணி அடிச்சதும் பசங்க சுவரை ஒட்டியே வெளிய ஓடினாங்க.

“பாத்தீங்களா மேடம்? ஊசி விழுந்தா கேட்டிருக்கும்!”

மேடம் பக்கத்துல வந்து, அவர் முதுகுல இருந்து எதையோ பிடுங்கி மேசை மேல போட்டாங்க.

கருந்தேள். ஒரு சாண் இருக்கும்.

“ஐயோ அம்மா!” பி.எச்.டி. வாங்கின வாயி பச்சைத் தமிழ்ல அலறுச்சு. ஆளு நாக்காலி மேல.

“கத்தாத. ரப்பரு. தட்டிக்கொடுத்தேனே, அப்ப நான்தான் ஊக்குல மாட்டிவிட்டேன்.”

தீர்த்தகிரி நாக்காலி மேல நின்னுக்கிட்டே கேட்டாரு. “நெசத் தேளா இருந்தா? இத்தனை பேரு பாத்தும் ஒருத்தர்கூட வாயைத் தொறக்கலியே மேடம்!”

“ஒருத்தி தொறந்தா.” மேடம் வாசல் பக்கம் கையைக் காட்டினாங்க. “இன்னும் வெளியதான் நிக்கிறா. என்ன சொல்ல வந்தான்னு கேட்டுட்டு வா. வேலையைப் பத்தி அப்புறம் பேசுவோம்.”

தீர்த்தகிரி நாக்காலியை விட்டு எறங்கி வாசலுக்குப் போனாரு. “என்னம்மா சொல்ல வந்த? தமிழ்லயே சொல்லு.”