ஊறுகாய்ச் சாடியின் மூடி

முன்பு எப்போதோ ஓர் அரசன் இருந்தான். எந்த நாடு என்று கேட்காதீர்கள்; பிள்ளையைப் பறிகொடுத்தவன் ஆண்ட நாடு எங்கே இருந்தால் என்ன? அவனுடைய ஒரே மகள் அல்லியங்கோதை ஆறு வயதில் வைசூரி கண்டு இறந்துபோனாள்.

அரசன் ஆணை போட்டான். பாவம், வேறென்ன தெரியும் அவனுக்கு? மகளை நினைவூட்டும் எதுவும் தன் கண்ணில் படக் கூடாது என்றான். முதலில் அவள் ஊஞ்சலை அவிழ்த்து எரித்தார்கள். ஊஞ்சல் தொங்கிய வேப்பமரம் கண்ணை உறுத்தியது, வெட்டினார்கள். மரத்தை இழந்த கிளிகள் மதிலில் வந்து உட்கார்ந்தன, விரட்டினார்கள். கிளிகள் போனதும் பச்சை நிறமே ஆகாமல் போயிற்று. அரண்மனையில் யாரும் பச்சைப் புடவை உடுத்தவில்லை, அடுக்களையில் கீரை சமைக்கவில்லை. குழந்தையின் பெயரைச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. இத்தனை செய்தும் அரசனுக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. ஓராண்டில் துரும்பாக இளைத்துவிட்டான்.

அந்த அவையில் பிச்சாண்டி என்றொரு விகடகவி இருந்தான். குழந்தை அவன் தோளில் ஏறிக்கொண்டு, குதிரை என்று அவனைத்தான் ஓட்டுவாள். அவனைக் கண்டாலே ஆகாது முதல் மந்திரியான பிரதானி சொக்கப்பனுக்கு. சமயம் பார்த்து அவன் அரசனிடம் ஓதினான். வேலைக்காரர்களுக்கு இந்தக் காரியம் கைவரவில்லை, புத்திசாலியான பிச்சாண்டியிடம் ஒப்படைக்கலாம், பத்து நாளில் முடிக்காவிட்டால் அவன் தலையை வாங்கிவிடலாம் என்றான். அரசனும் ஆகட்டும் என்றான்.

வெளியே வந்த சொக்கப்பன், பிச்சாண்டியிடம் தன் சூட்சுமத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னான். "எல்லாவற்றையும் அகற்றினாலும் கடைசியில் நீ மிஞ்சுவாய், குதிரைக்காரா. உன்னைப் பார்த்தால் அரசருக்கு யார் ஞாபகம் வரும்?"

பிச்சாண்டி உயிருக்குப் பயந்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் குழந்தை போன பிறகு அவனும் நடைப்பிணமாகத்தான் திரிந்தான். ஆனாலும் சொக்கப்பனுடைய சூழ்ச்சியில் விழுந்து சாக அவனுக்கு மனம் ஒப்பவில்லை.

பத்தாம் நாள், ஒரு பெரிய கூடையைச் சுமந்துகொண்டு அவைக்கு வந்தான். உத்தரவை நிறைவேற்றும் முன் பிரபு தன்னோடு ஒரு சின்ன விளையாட்டு ஆட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டான். ஒரு புளியங்கொட்டை, ஒரு கயிற்றுத் துண்டு, ஒரு மண் மூடி மூன்றையும் அரசன் முன்னே வைத்தான். கொட்டையைக் காட்டினால் கயிற்றை எடுக்க வேண்டும். கயிற்றைக் காட்டினால் மூடியை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அரசன் வேண்டாவெறுப்பாக ஆடினான். நாலைந்து முறையில் தப்பில்லாமல் வந்துவிட்டது.

பிறகு பிச்சாண்டி கயிற்றை மடியில் செருகிக்கொண்டான். கொட்டையோடு ஒரு பாக்கையும் சோழியையும் பரப்பிவிட்டு, மூடியைக் காட்டினான். அரசன் யோசிக்கவே இல்லை, கொட்டையை எடுத்தான்.

"மூடிக்கும் கொட்டைக்கும் உறவு உண்டென்று அடியேன் சொல்லவில்லையே, பிரபு. யார் சொன்னார்கள்?"

"யாரும் சொல்லவில்லை. தானாகத் தோன்றியது" என்றான் அரசன்.

பிச்சாண்டி கயிற்றை மறுபடியும் வெளியே எடுத்தான். "மன்னிக்க வேண்டும். இது இளவரசியின் ஊஞ்சல் கயிறு. எரிக்கும்போது இந்தத் துண்டை மட்டும் ஒளித்து வைத்துக்கொண்டேன்."

அரசன் முகம் வெளிறியது. கயிற்றிலிருந்து கண்ணைத் திருப்பினான். பார்வை அந்த மண் மூடியில் போய் விழுந்தது. அதையும் அவனால் பார்க்க முடியவில்லை. எடுத்துப்போ என்று கையால் தள்ளினான்.

"பிரபு, இது ஊறுகாய்ச் சாடியின் மூடி. நேற்றுத்தான் குயவர் தெருவிலிருந்து வந்தது. இளவரசி இதைப் பார்த்ததே இல்லை. சற்று முன்புவரை இது வெறும் மூடி."

பிச்சாண்டி மூடியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"மரத்தையும் கிளியையும் கீரையையும் இளவரசியோடு முடிச்சுப் போட்டது எதுவோ, அதுதான் இந்த மூடியையும் முடிச்சுப் போட்டது. எதை அகற்றினாலும் அது அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். ஆகையால் உத்தரவுப்படி இனி அகற்ற வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அது மகாராஜாவின் கழுத்துக்கு மேலே இருக்கிறது. கூடை கொண்டுவந்திருக்கிறேன். பிரதானியார் மகாராஜாவின் காதுகளைப் பிடித்துக்கொண்டால், அடியேன் வேலையை முடித்துவிடுவேன்."

ராஜத் துரோகம் என்று சொக்கப்பன் எழுந்தான். ஆனால் அவன் கை தன்னையறியாமல் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. அதைப் பார்த்த அரசன் சிரித்துவிட்டான். ஓராண்டாக யாரும் கேட்காத சிரிப்பு. பெரிதாக எழுந்து, கடைசியில் ஒரு விக்கலில் முடிந்தது.

விக்கல் வந்ததும் அரசன் வாயைப் பொத்திக்கொண்டான்.

"அல்லியும் இப்படித்தான் சிரிப்பாள்" என்றான். "முடிக்கும்போது இப்படித்தான் விக்குவாள்."

ஆணையை ரத்து செய்தான். தன் முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டியின் கழுத்தில் போட்டான். கூடையைச் சொக்கப்பன் தலையில் ஏற்றி வெளியே அனுப்பினான். பிறகு சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து, விகடகவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"பிச்சாண்டி, என் சிரிப்பை நான் எங்கே கொண்டுபோய் எரிப்பது?"

"எரிக்க முடியாது, பிரபு. சிரிக்கும்போதெல்லாம் அழ வேண்டியதுதான்."

அரசன் அழுதான். விகடகவி அந்தக் கயிற்றுத் துண்டை எடுத்து அவன் கையில் வைத்தான்.