பாடைக்கு வெள்ளோட்டம்

கடலுக்கும் மலைக்கும் நடுவில் கிடந்த ஒரு நாட்டை வெகு காலத்துக்கு முன்னே மகரகேது என்ற ராஜா ஆண்டான். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் வேறொன்று சொல்வான். சபை இரண்டுக்கும் தலையாட்டும்.

அரண்மனைப் பாடசாலையின் தலைவர் நீலகண்ட பண்டிதர். அங்கே மத்தளமும் மல்யுத்தமும் கற்பித்த தாண்டவரிடம் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது. "மீசை அரும்புகிற வயதில் ஆட்டமும் பாட்டும் எதற்கு, பிரபு? அந்த நேரத்தில் இன்னும் நாலு நூல் மனப்பாடம் ஆகுமே" என்று ராஜாவின் காதில் ஓதினார். ராஜா மைதானத்தைப் பூட்டினான். மத்தளங்களைக் கொளுத்தினான்.

மூன்று வருடம் போயிற்று. ஆள் வராத இடம் என்று சுடுகாட்டில் வைத்துப் பையன்களுக்கு வெறும் பானையில் தட்டி மத்தளம் சொல்லிக்கொடுத்த தாண்டவர் பிடிபட்டார்.

"இரண்டு கைகளையும் வெட்டுங்கள்" என்றான் ராஜா.

மந்திரி பெருந்தேவர் எழுந்தார். "வெட்டலாம், பிரபு. அதற்கு முன் வம்ச வழக்கம் ஒன்று பாக்கி. பட்டத்துக்கு வந்த இருபதாம் வருடம் ராஜா தன் பாடையில் உயிரோடு படுத்து வெள்ளோட்டம் பார்க்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் தூக்க வேண்டும்."

ராஜாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. "நாளைக்கே நடக்கட்டும். யார் தூக்குவது?"

"என் முதல் எட்டு மாணவர்கள்" என்றார் பண்டிதர். "இரங்கற்பா முழுவதும் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம்."

மறுநாள் பாடை கிளம்பியது. எட்டுப் பேர், எட்டு நடை.

"பண்டிதரே, நான் பாடையில் போகிறேனா, படகில் போகிறேனா?" என்றான் ராஜா, மூங்கிலைப் பிடித்துக்கொண்டு.

"தோள் மாற்றும்போது கொஞ்சம் ஆடும், பிரபு."

"இன்னும் யாரும் தோள் மாற்றவில்லையே" என்றார் மந்திரி.

கோட்டை வாசல் இறக்கத்தில் ஒருவனுக்கு முழங்கால் மடங்கியது. ராஜா சேற்றில் உருண்டான். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு கைகட்டி நின்று, ஒரே குரலில் இரங்கற்பாவை ஆரம்பித்தார்கள்.

"உயிரோடுதானடா இருக்கிறேன். கை கொடுங்கள்."

"இன்னும் பாதி இருக்கிறது, பிரபு" என்றான் முதல் மாணவன்.

மந்திரிதான் தூக்கிவிட்டார். "இவர்களைச் சேர்ந்து நடக்கவைக்க நாட்டில் ஒருவரால்தான் முடியும். அதற்கு அவருக்குக் கைகள் வேண்டும்."

தாண்டவரை அழைத்துவந்து விலங்கைக் கழற்றினார்கள். ராஜா பண்டிதரிடம் திரும்பினான். "இப்போது நீர் இதில் படுத்துக்கொள்ளும்."

"நானா, பிரபு?"

"கட்டிய பாடை வீணாகக் கூடாது."

நாட்டில் ஒரு மத்தளமும் மிச்சமில்லை. தாண்டவர் காவலனின் மரக்கேடயத்தை வாங்கித் தட்டினார். தட்டுக்கு ஒரு அடி. மெல்ல மெல்லக் கால்கள் ஒன்றுசேர, பாரம் எட்டுத் தோளிலும் சமமாய் இறங்கியது. பண்டிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு போனார். பாடையிலிருந்து இறங்கும்போது அவர் தலைவராக இல்லை.

"உமக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று ராஜா மந்திரியைக் கேட்டான்.

"எனக்கு வேண்டாம், பிரபு. மைதானத்தைப் பூட்டிய ஆணைக்கு முத்திரை வைத்தது நான்தான்."

"தப்பென்று அன்றைக்கே சொல்லியிருக்கலாமே?"

"அன்றைக்கு நீங்கள் விழவில்லை."

மறுநாள் மைதானம் திறந்தது. "போய் விளையாடுங்கள்" என்றார் தாண்டவர். பையன்கள் வரிசையாக நின்றார்கள். யாரும் நகரவில்லை.

"எந்த அத்தியாயம், ஐயா?" என்றான் முதல் மாணவன்.