செங்கல்லை வெறுத்த வயர்

ஒரு கடலோர ஊரில், புளியமரத்துக்கும் தென்னைக்கும் நடுவே ஒரு செப்பு வயர் தொங்கிக்கொண்டிருந்தது. தூரத்து நண்பர்களோடு பேசும் ஹாம் ரேடியோ வைத்திருந்த லாரன்ஸின் ஏரியல் அது. அதன் நடுவிலிருந்து ஒரு கறுப்புக் கேபிள் அவருடைய அறைக்குள் இறங்கியது. பேச்சையெல்லாம் வீட்டுக்குள் சுமந்துபோனது கேபிள்தான். பெருமை மட்டும் வயருக்கு. தலைகால் புரியாத பெருமை.

அதற்கு ஒரே குறை. தென்னையில் ஒரு கப்பியைக் கட்டி, வயரின் முனையிலிருந்து அதன் வழியாக இறங்கிய கயிற்றின் நுனியில் லாரன்ஸ் ஒரு செங்கல்லைத் தொங்கவிட்டிருந்தார். தென்னை ஆடினால் செங்கல் ஏறும், இறங்கும்; வயர் தொய்ந்து கொடுக்கும்.

ஒருநாள் கரிச்சான் குருவி வந்து உட்கார்ந்து, "கீழேயும் கொடிக்கயிறு, மேலேயும் கொடிக்கயிறா?" என்று கேட்டுவிட்டது. கீழே ஈரத்துணி சுமந்திருந்த கொடிக்கயிறு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வயருக்கு இன்னும் வலித்தது.

செங்கல்லை எடுத்துவிட்டு விறைப்பாகக் கட்டச் சொல்லி வயர் லாரன்ஸை நச்சரித்தது. பக்கத்து வீட்டுக்காரர் அவரிடமும் அதே கொடிக்கயிறு கேள்வியைக் கேட்டிருந்தார். ஆகவே கயிற்றை இழுத்துத் தென்னையில் இறுக்கிக் கட்டி, மிச்சத்தை வெட்டி எறிந்தார்.

"காத்து அடிச்சா மரம் ஆடுமேங்க," என்றாள் அவர் மனைவி ஜெசிந்தா.

தானும் அதைத்தான் சொல்ல வந்ததாகத் தென்னை சொன்னது.

"ஆடாதே," என்றது வயர். பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தது.

மூன்றாம் வாரம் நண்பகலில் புயல் வந்தது. கரண்ட் போனது, போனும் செத்தது. ஊர்ப் படகுகள் இரண்டு திரும்பவில்லை. ஒன்றில் ஜெசிந்தாவின் தம்பி அருளப்பன் போயிருந்தான். லாரன்ஸின் ரேடியோ பேட்டரியில் ஓடியது. வாசல் நிறையப் பெண்கள் நின்றார்கள்.

தெற்கே இருந்த நண்பரின் குரல் வந்தது. "ஒரு படகு இங்க கரை சேர்ந்துடுச்சு. இன்னொண்ணு..."

தென்னை ஆடியது. தென்னை வேறென்ன செய்யும்? வயர் பட்டென்று அறுந்து சேற்றில் விழுந்தது. மேலே இருந்தவரை நச்சரித்த வாயில் இப்போது மண். ஜெசிந்தாவின் முகத்தைப் பார்க்க அதற்குத் தைரியமில்லை.

காற்று சற்று ஓய்ந்ததும் லாரன்ஸ் ஓடிவந்து அறுந்த முனைகளை முறுக்கி இணைத்தார். செங்கல்லைக் கட்டத்தான் கயிறு போதவில்லை. ஜெசிந்தா கொடிக்கயிற்றை அவிழ்த்து நீட்டினாள்.

"வா," என்றது கொடிக்கயிறு வயரிடம். "எனக்குத் தொய்ஞ்சு பழக்கம்."

செங்கல் மறுபடி தொங்கியது. வயர் முன்னைவிட வயிறு தள்ளி நின்றது. காற்று திரும்பவும் வீச, தென்னை ஆடியது, செங்கல் ஏறி இறங்கியது, வயர் அறுபடவில்லை.

"இன்னொரு படகும் வந்துடுச்சு. எல்லாரும் பத்திரம்," என்றது ரேடியோ. ஜெசிந்தா வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த வாரம் புதிதாக வந்த ஒரு மைனா வயரில் உட்கார்ந்து, அந்த நுனியில் தொங்குவது என்ன என்று விசாரித்தது.

"என் மூளை," என்றது வயர். "கொஞ்சம் தள்ளித் தொங்குது."