ஓர் அடி பின்னால்

கல்லாற்றின் இரு கரைகளிலும் இரண்டு காடுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி நீதிமன்றம், தனி வக்கீல்கள். இக்கரையில் பேர்போன வக்கீல் நாரை. அதற்கு அலகு நீளம், கௌரவம் அதைவிட நீளம்.

ஒருநாள் அக்கரைக்குப் போன ஆண் கீரியை அங்கே காவல் நின்ற செந்நாய்கள் பிடித்துக்கொண்டன. மயிலின் முட்டைகளைத் தின்றுவிட்டதாக வழக்கு. ஐந்தாம் நாள் தீர்ப்பு. குற்றவாளி என்றால் மலைப்பாம்பின் குகைக்குள் தள்ளிவிடுவது அந்தக் காட்டு வழக்கம்.

பெண் கீரி நாரையிடம் ஓடி வந்து அழுதது. நாரை அக்கரைக்குப் பறந்து முட்டை ஓடுகளைப் பார்த்துவிட்டு வந்தது. கீரி முட்டையைக் கல்லில் வீசி உடைத்துத்தான் தின்னும். அந்த ஓடுகளிலோ யாரோ அலகால் கொத்திய ஓட்டை இருந்தது. கீரிகளே வாழாத அக்கரையில் இந்த வித்தியாசம் ஒருவருக்கும் தெரியாது.

"ஜெயிக்கிற பாயிண்ட் என் கையில இருக்கு. கவலைப்படாதேம்மா" என்றது நாரை.

என்ன பாயிண்ட் என்று பெண் கீரி கேட்டது. கட்சிக்காரரிடம் அதையெல்லாம் சொல்வதில்லை என்று நாரை கழுத்தைத் திருப்பிக்கொண்டது.

அக்கரையில் வாதாட அக்கரை அனுமதி வேண்டும். அதற்கு மூன்று வழிகள் இருந்தன. தேர்வு எழுதலாம், அது மூன்று மாதம் கழித்துத்தான். அனுபவச் சான்று காட்டி விண்ணப்பிக்கலாம், அதற்கு ஒரு மாதம் ஆகும். அவசரமென்றால் அந்த ஒரு வழக்குக்கு மட்டும், அக்கரை வக்கீல் ஒருவருக்கு ஓர் அடி பின்னால் நின்று பேசலாம்.

பெண் கீரி அன்றே ஆற்றில் நீந்திப் போனது. அக்கரை வக்கீலான நீர்நாயின் காலைப் பிடித்துச் சம்மதம் வாங்கி வந்தது. நீர்நாய் தொழிலுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

அங்கேதான் வந்தது வினை.

"இருபது வருஷ சீனியர் நான். நேத்து வந்த பயலுக்குப் பின்னாடி நிக்கணுமா?" என்று சீறியது நாரை.

மறுநாள் வக்கீல் சங்கம் கூடியது. நாரைக்கு வந்த அவமானம் சங்கத்துக்கே வந்த அவமானம் என்று தலைவர் குரங்கு மார்தட்டியது. அந்த விதியை நீக்கும்வரை அக்கரை நீதிமன்றத்தைப் புறக்கணிப்பதாகத் தீர்மானம் போட்டார்கள். அதில் 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்று எழுதுவதா, 'கடுமையாகக் கண்டிக்கிறோம்' என்று எழுதுவதா என்பதில் ஒரு நாள் போயிற்று. யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்பதில் இன்னொரு நாள் போயிற்று. அங்கே ஓர் உயிர் கூண்டுக்குள் கிடந்து கரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. படித்த கூட்டமாம் இது! நினைத்தாலே வயிறு எரிகிறது.

ஐந்தாம் நாள் நீர்நாய் தனியாக நின்றது. நொடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்தது. ஓர் அடி பின்னால் யாருமே இல்லை. நீதிபதி கரடி உச்சிப்பொழுதுவரை காத்திருந்தது. நீர்நாய் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிப் பார்த்தது. ஓட்டை விஷயம் அதற்குத் தெரியாது. தீர்ப்பு வந்தது. கீரியைக் குகைக்கு இழுத்துப் போனார்கள்.

சாயங்காலம் நாரை துக்கம் விசாரிக்க வந்தது. சுலபமாக ஜெயித்திருக்க வேண்டிய கேஸ் என்று உச்சுக்கொட்டியது. அப்போதுதான் அந்தப் பாயிண்டையும் சொன்னது.

பெண் கீரி நிமிர்ந்து பார்த்தது. அதன் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நானே போய் அந்த வக்கீல் காதுல போட்டிருப்பேனே ஐயா. நீங்க யாருக்கும் பின்னாடி நிக்க வேண்டியதே இல்லையே."

நாரை அந்தப் பார்வையைத் தாங்க மாட்டாமல் ஓர் அடி பின்னால் நகர்ந்தது.

நீதி: அடுத்தவர் உயிரைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் தன் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்பவன், எவ்வளவு படித்தவனானாலும் கொலைகாரனுக்குச் சமம்.