துத்தியின் கையெழுத்து

கோரைக்குளத்தின் கரையில் ஒரு மைனா பள்ளிக்கூடம் நடத்தியது. ஈரமணல்தான் பலகை. மைனா அலகால் கீறிவிட்டுக் கத்தும். குட்டிகள் திருப்பிக் கத்தும். அவ்வளவுதான் பாடம்.

துத்தி என்ற முயல்குட்டியும் அங்கே படித்தது. காது என்னவோ நீளம்தான். ஆனால் பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்டதில்லை. அதனால் துத்தியும் தாய்முயலும் கையை ஆட்டித்தான் பேசிக்கொள்ளும். மைனாவுக்கு அது பிடிக்காது.

"பள்ளிக்கூடத்தில் கையை ஆட்டக் கூடாது! ஆட்டினால் படிப்பு ஏறாது!"

துத்தி கையை அடக்கிக்கொண்டது. மணலில் இருந்ததைப் பார்த்து அப்படியே எழுதியது. சுழி, கொம்பு, எதுவும் பிசகவில்லை. மைனாவுக்கு ஒரே பெருமை.

தாய்முயல் கேட்டது: "வாத்தியாரே, எழுதுகிறாள், சரி. என்ன எழுதுகிறோம் என்று அவளுக்குத் தெரியுமா?"

"முத்து முத்தாக எழுதுகிறாள்! இன்னும் என்ன வேண்டும் உனக்கு? போ, போ!"

மழைக்குப் பிறகு குளத்துக்குள் ஒரு முதலை வந்து சேர்ந்தது. மைனா கரையில் பெரிதாக 'முதலை' என்று கீறி வைத்தது. படித்த குட்டிகள் எல்லாம் வேறு பக்கம் போய்த் தண்ணீர் குடித்தன.

துத்தியும் வந்தது. எழுத்தைப் பார்த்தது. அதன் கீழேயே 'முதலை' என்று அழகாக எழுதியது. பிறகு தண்ணீர் குடிக்கக் குனிந்தது.

மருதமரத்தில் இருந்த மைனா அதைப் பார்த்துவிட்டது. "ஓடு! ஓடு!" என்று கத்தியது. யாருக்குக் கேட்கும்? தண்ணீர் அசைந்தது. மைனா பாய்ந்து போய்த் துத்தியின் முகத்தில் இறக்கையால் அடித்தது. துத்தி மல்லாந்து விழுந்தது. முதலையின் வாய் மூடியது. உள்ளே போனது மைனாவின் வால் மட்டும்.

"வாத்தியாரே!" என்றது முதலை. "நல்ல கையெழுத்து! இப்படியே இன்னும் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுங்கள். எனக்குக் கொண்டாட்டம்!"



தாய்முயல் ஓடி வந்தது. தண்ணீரைக் காட்டியது. இரண்டு கைகளையும் தாடைபோல விரித்துப் படக்கென்று மூடியது. பிறகு மணலில் இருந்த எழுத்தைத் தொட்டது.

துத்தி முதலையைப் பார்த்தது. எழுத்தைப் பார்த்தது. தானும் கைகளை விரித்து மூடியது. கண்கள் அகன்றன. ஓ, இதுதான் அதுவா!

அதற்கப்புறம் அது சும்மா இருக்கவில்லை. மரத்தைத் தொட்டு மைனாவைப் பார்த்தது. புல்லைப் பிடுங்கி அதன் முன்னால் போட்டது. மைனாவும் சளைக்காமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லைக் கீறியது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் மைனா தாய்முயலிடம் சொன்னது: "அம்மா, அந்தக் கைப்பேச்சை எனக்கும் கொஞ்சம் காட்டுங்கள்."

"உங்களுக்குக் கையில்லையே, வாத்தியாரே!"

"இறக்கை இருக்கிறது! ஆரம்பியுங்கள்!"

காது கேட்காத பிள்ளைக்குக் கண்ணால் பொருள் புரியும்படிச் சொல்லித்தர வேண்டும். பொருள் புரியாமல் எழுதினால் எவ்வளவு அழகான எழுத்தும் வெறும் கோடுதான்.