சுண்டக்காட்டின் பச்சை அம்பாசிடர்கள்

சுண்டக்காட்டில் அறிவுக்கு என்றைக்குமே பஞ்சம் வந்ததில்லை. முதலில் கொஞ்சமாவது இருந்து பிறகு குறைந்தால்தானே அதற்குப் பெயர் பஞ்சம்? காரைக்குடியில் பஸ் ஏறித் தூங்காமல் உட்கார்ந்திருந்தால் அங்கே இறங்கிக்கொள்ளலாம். தூங்கிவிட்டாலும் ஒன்றும் கெட்டுப் போகாது, பஸ் திரும்பி வரும்போது இறங்கலாம். அந்த ஊரில்தான் அடைக்கலம் இருந்தார். அவரிடம் ஒரு பச்சை அம்பாசிடர் கார் இருந்தது.

காருக்கு வயதாகிவிட்டது. முன்பக்கக் கண்ணாடி ஒரு தேங்காய் விழுந்து உடைந்ததோடு சரி, மறுபடி போடவில்லை. ஓட்டும்போது புழுதியெல்லாம் நேரே முகத்தில் வந்து அடிக்கும். அதனால் அடைக்கலம் தலை, மூக்கு, வாய் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சிவப்புத் துண்டால் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய உட்கார்ந்து ஓட்டுவார். சோறு இல்லாமல்கூட ஒருநாள் இருந்துவிடுவார். காலையில் அந்த வண்டி ஒருமுறை உறுமுவதைக் கேட்காமல் அவரால் இருக்க முடியாது. அவ்வளவு ஆசை அதன்மேல்.

அவர் மனைவி உமையாளுக்குக் கார் நின்ற கொட்டகை வேண்டியிருந்தது. ஊரில் மாவு மில் கிடையாது. பெண்கள் அரிசியையும் மிளகாயையும் சுமந்துகொண்டு பக்கத்து ஊருக்குப் போய் அரைத்து வந்தார்கள். உமையாள் மெஷினுக்குச் சொல்லி வைத்துவிட்டாள். ஊர் எல்லையைத் தாண்டியதும் இருக்கிற பழைய இரும்புக்கடையிலும் பேசி முடித்துவிட்டாள். திங்கட்கிழமை அவர்கள் காரை எடுத்துப்போய் உடைத்துக்கொள்ளலாம்.

அடைக்கலம் ஓடிப்போய்க் காரின் முன்னால் நின்றுகொண்டார். இது அபூர்வமான வண்டி, இதைப் போய் உடைப்பார்களா என்று கெஞ்சிப் பார்த்தார். உமையாள் நியாயம் தெரிந்தவள்.

“அபூர்வம்னு நீங்க சொன்னாப் பத்தாது. கார் வெவரம் தெரிஞ்ச ஒருத்தரு இந்த வாசல்ல நின்னு சொல்லட்டும். மெஷினை நான் வேற எங்கிட்டாவது போட்டுக்கிறேன்” என்றாள்.

அப்படி ஒருத்தர் அந்த வாரம் காரைக்குடியில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். பெயர் தேவசகாயம். சென்னைக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சிலர் பறவை பார்க்கப் போவதுபோல இவர் கார் பார்க்கப் போவார். எங்கேயாவது யாரும் கண்டிராத கார் நிற்கிறது என்று காதில் விழுந்தால் போதும், பஸ் பிடித்துப் போய் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்புவார். அடைக்கலத்தின் கூட்டாளிகள் மூன்று பேர்: சைக்கிள் கடை வைரவன், மைக் செட் சிங்காரம், பந்தல் போடுகிற தவசி. மூவரும் போய் அவரைக் கையோடு அழைத்து வந்துவிட்டார்கள்.

தேவசகாயம் வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார். சென்னையில் இதைப் பார்த்திருந்தால் ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து பார்த்திருப்பேன் என்றார். ஆனால் கல்கத்தாவுக்கு அவர் போயிருந்தபோது தெருவுக்குத் தெரு இதே வண்டிதான் மஞ்சள் டாக்சியாக நின்றதாம், ஒரு குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையாம். சென்னையில் மூலைக்கு மூலை நிற்கிற பெரிய வெளிநாட்டுக் கார் ஒன்று சுண்டக்காட்டுக்கு வந்தால் ஊரே வேலையைப் போட்டுவிட்டு ஓடி வராதா என்று கேட்டார்.

“அபூர்வம்ங்கிறது வண்டியில இல்லைங்க, ஊர்ல இருக்கு” என்று முடித்தார்.

சிங்காரம் உடனே பானெட்டைத் திறந்து பார்த்தான். உள்ளே நிஜமாகவே இல்லை. பெரியவர் சொன்னது சரிதான் என்று மூடி வைத்தான். ஊரில் இருக்கிறது என்றால் எந்தத் தெருவில் என்று தவசி கேட்டான். தேவசகாயம் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

போகும்முன் அவர் ஒரு வழி சொன்னார். ஊருக்குள் வருகிற மூன்று ரோட்டிலும் வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒருவராக நிற்க வேண்டும். இதே மாதிரி வண்டி எத்தனை போகிறது என்று எண்ண வேண்டும். எவ்வளவு குறைச்சலோ அவ்வளவு அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை அவரே வந்து நின்று பார்த்துவிட்டு உமையாளிடம் தீர்ப்புச் சொல்லுவார்.

ரோட்டில் நிற்கச் சொன்னதால் மூவரும் ரோட்டிலேயே நின்றார்கள், ஓரத்தில் அல்ல. காரைக்குடி பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்து, வைரவனைச் சுற்றிக்கொண்டு வயலோரமாக இறங்கிப் போயிற்று. கண்மாய்க்கரை ரோட்டில் சிங்காரத்துக்குப் பின்னால் மாடுகள் வரிசை பிடித்து நின்றன. சந்தை ரோட்டில் தவசி ஒற்றைக்காலில் நின்றான். ஏனென்று கேட்டதற்கு, இரண்டு கால் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே என்றான்.

அடைக்கலத்துக்கு மனசு கேட்கவில்லை. தனக்காக மூன்று பேர் வெயிலில் வாடுகிறார்களே என்று ஒரு பெரிய ஃபிளாஸ்க் நிறைய டீ எடுத்துக்கொண்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு, காரை எடுத்தார். ஒவ்வொரு ரோடாகப் போய் டீ ஊற்றிக் கொடுத்தார். மறுபடி வீட்டுக்கு வந்து டீ நிரப்பிக்கொண்டு மறுபடி போனார். பொழுது சாய்கிறவரை அவர் உட்காரவே இல்லை.

சாயங்காலம் நால்வரும் அடைக்கலம் வீட்டு வாசலில் கூடினார்கள். மூன்று பேர் முகமும் தொங்கிக் கிடந்தது. வைரவன்தான் மெதுவாக ஆரம்பித்தான்.

“மனசத் தேத்திக்கங்க அண்ணே. என் ரோட்ல மட்டும் ஏழு போச்சு.”

சிங்காரம் எட்டு என்றான். தவசிக்கு விரல் தீர்ந்துபோய்விட்டதால் அதற்குமேல் எண்ணவில்லை. கூட்டிப் பார்த்தால் இருபதுக்கும் மேலே வந்தது. கல்கத்தாவே சுண்டக்காட்டுக்குக் குடிவந்துவிட்டதா என்று அடைக்கலத்துக்குத் தலை சுற்றியது.

“எல்லாம் அம்பாசிடர்தானா?” என்று கேட்டார்.

“எல்லாம் அம்பாசிடர், எல்லாம் பச்சை” என்றான் சிங்காரம். “ஒண்ணுலகூட முன் கண்ணாடி இல்லண்ணே. நம்ம பக்கத்து வழக்கம் அப்படிப் போல.”

“ஓட்டுறது யாரு?”

“எல்லாரும் செவப்புத் துண்டு கட்டியிருக்காக. ஆனா மனுசங்க தங்கம். ஒவ்வொருத்தரும் நின்னு, எறங்கி, டீ ஊத்திக் குடுத்துட்டுத்தான் போனாக.”

அடைக்கலத்துக்குச் சுருக்கென்றது. தானும் காலையிலிருந்து ரோடு ரோடாக அலைந்தவர்தான். தனக்கு ஒருவனும் ஒரு வாய் டீ கொடுக்கவில்லையே என்று நினைத்தார். அதோடு இன்னொரு சந்தேகமும் வந்தது.

“நானும் நாள் பூரா சுத்தினேன். என் கண்ணுல ஒரு பச்சை வண்டிகூடப் படலையே.”

வைரவன் யோசித்தான். “நீங்க எந்தப் பக்கம் போனீகளோ, அதுகளும் அந்தப் பக்கமே போயிருக்கும். எதுக்க வந்தாத்தானே தெரியும்?”

“உங்களையும்தான் நாங்க ஒரு தடவைகூடப் பாக்கல” என்றான் தவசி. “அந்தக் கூட்டத்துல எங்கிட்டுத் தெரியப்போகுது.”

உள்ளே உமையாள் அரிசி புடைத்துக்கொண்டு அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். மாவு மில்லை நினைத்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்த இருபத்துச் சொச்சம் வண்டிகளையும் ஊரைவிட்டு அனுப்ப வேண்டும். எப்படி என்று வெகுநேரம் பேசினார்கள். ரோட்டை வெட்டிவிடலாம் என்றான் தவசி. அப்படி வெட்டினால் அந்த வண்டிகள் வெளியே போவது எப்படி என்று சிங்காரம் மடக்கினான். கடைசியில் வைரவன் சொன்னதுதான் எல்லாருக்கும் பிடித்தது. டீ கொடுக்கிற மனசுள்ளவர்கள் கேட்டால் மாட்டேன் என்றா சொல்லப்போகிறார்கள்? நிறுத்தி, விஷயத்தைச் சொல்லி, காலில் விழுந்து கேட்டுவிடலாம்.

சனிக்கிழமை காலை மூவரும் மறுபடி ரோட்டில் போய் நின்றார்கள். வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அடைக்கலம் துண்டைச் சுற்றிக்கொண்டு, டீ ஃபிளாஸ்க்கோடு காரில் கிளம்பினார். காரைக்குடி ரோட்டில் வைரவன் கையை நீட்டி வண்டியை மறித்தான். ஏதோ முக்கியமான சேதி என்று அடைக்கலமும் நிறுத்தினார்.

“ஐயா, நேத்து டீ குடுத்தீக, மறக்கமாட்டேன்” என்றான் வைரவன். “இன்னொரு ஒதவி செய்யணும். எங்க ஊர்ல அடைக்கலம்னு ஒருத்தர் இருக்காரு. உங்களை மாதிரியே ஒரு வண்டி வச்சிருக்காரு. உங்க வண்டியெல்லாம் ஊருக்குள்ள ஓடுச்சுன்னா அவரு வண்டியை ஒடைச்சுப்புடுவாக. மனுசன் தாங்கமாட்டாரு. தயவு பண்ணி இதை எல்லைக்கு அங்கிட்டு கொண்டுபோயிருங்க.”

அடைக்கலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கஷ்டத்தைத் தன்னால்கூட இவ்வளவு உருக்கமாகச் சொல்ல முடிந்ததில்லை. பாவம் அந்த மனுஷன் என்று நெஞ்சு பொங்கியது.

“அடைக்கலத்தைச் சின்ன வயசுலேருந்து எனக்குத் தெரியும்ப்பா” என்றார். “அவனுக்காக இதுகூடச் செய்யலேன்னா நான் என்ன மனுசன்? இந்த வண்டி இனி சுண்டக்காட்டுக்குள்ள வராது. இது சத்தியம்.”

வைரவன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அடைக்கலம் அவனைத் தூக்கி நிறுத்தி, திருநீறு இல்லாததால் டீ கொடுத்துவிட்டு, நேரே எல்லையைத் தாண்டிப் போனார். அங்கே வண்டி விட இடம் என்று இருந்தது இரும்புக்கடை மைதானம் ஒன்றுதான். கடையிலிருந்த வேலையாள் ஒருவனிடம் சாவியைக் கொடுத்து, வண்டி இனி ஊருக்குள் வராது என்று சொன்னார். திங்கட்கிழமை வரவேண்டியது சனிக்கிழமையே வந்துவிட்டதென்று அவன் சந்தோஷமாக வாங்கிக்கொண்டான். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய திருப்தியோடு அடைக்கலம் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தார்.

வழியில் வைரவன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஒருத்தர் சம்மதித்துவிட்டார், அப்படியொரு மகராசனை உலகத்தில் பார்க்க முடியாது என்றான். மற்ற இரண்டு ரோட்டிலும் அன்றைக்கு ஒரு பச்சை வண்டிகூட வரவில்லை. ஒருத்தர் சொல்லி எல்லாருமே கிளம்பிப் போய்விட்டார்கள் என்று சிங்காரமும் தவசியும் முடிவு செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், தன் வண்டி உறுமினால் அதையும் கணக்கில் சேர்த்துவிடுவார்களோ என்று அடைக்கலம் கொட்டகைப் பக்கமே போகவில்லை. தேவசகாயம் வந்து குடையைப் பிடித்துக்கொண்டு மதியம்வரை ரோட்டில் நின்றார். டிராக்டர் போயிற்று, மினி பஸ் போயிற்று, எத்தனையோ மோட்டார் சைக்கிள் போயிற்று. அம்பாசிடர் என்று ஒன்றுகூடப் போகவில்லை. அவர் நேராக வந்து உமையாளிடம் சொன்னார்: “அம்மா, இந்த ஊரைப் பொறுத்தவரைக்கும் அது ரொம்ப அபூர்வமான வண்டிதான். உடைச்சிடாதீங்க.”

அடைக்கலம் வாய்விட்டு அழுதேவிட்டார். ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்று தேவசகாயம் கேமராவோடு எழுந்தார். கொட்டகைக் கதவைத் திறந்தார்கள். உள்ளே ஒரு கோழி மட்டும் நின்றது.

தேவசகாயம் கோழியைப் பார்த்தார், நால்வரையும் பார்த்தார், அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். உமையாள் வாக்குத் தவறாதவள். கொட்டகையில் இருக்கிற காரை யாரும் தொடக்கூடாது என்று இரும்புக்கடைக்கு ஆள் அனுப்பினாள். பிறகு, காலியாகத்தானே கிடக்கிறது என்று கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி மெஷினை இறக்கச் சொன்னாள்.

கார் எங்கே போயிருக்கும் என்று அடைக்கலத்துக்கு உயிரே போயிற்று. ஒருவேளை தவறுதலாக எடுத்துப் போய்விட்டார்களோ என்று திங்கட்கிழமை காலையில் கூட்டாளிகளோடு இரும்புக்கடைக்கு ஓடினார். அங்கே ஒரு பச்சை அம்பாசிடர் கதவு வேறு, கூரை வேறாகக் கிடந்தது. உங்கள் வண்டி கொட்டகையில் இருப்பதாக வீட்டம்மாவே சொல்லியனுப்பிவிட்டார்கள், இது அது இல்லை என்று வேலையாள் அடித்துச் சொன்னான். சிவப்புத் துண்டு கட்டிய ஐயா ஒருவர் சனிக்கிழமை அவராகவே ஓட்டிவந்து விட்டுவிட்டுப் போனாராம்.

அடைக்கலம் அந்தக் கூரையைத் தொட்டுக் கும்பிட்டார். முகம் தெரியாத ஒருவன் தனக்காகத் தன் வண்டியையே பலி கொடுத்திருக்கிறானே என்று அவரால் தாங்க முடியவில்லை.

“அத்தனை வண்டியில இப்ப மிஞ்சினது என் வண்டி ஒண்ணுதான்” என்றார். “அது எங்கிட்டு இருக்குன்னுதான் தெரியல.”

“சட்டுனு கண்ணுல பட்டா அது என்னண்ணே அபூர்வம்?” என்றான் சிங்காரம். அதைக் கேட்டபிறகுதான் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மாவு மில் திறப்பு. முதல் மாவில் உமையாள் ஊருக்கே விருந்து வைத்தாள். தனக்காக வண்டியை விட்டுக்கொடுத்த சிவப்புத் துண்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தனியாக ஒரு வரிசை இலை போட வேண்டும் என்று அடைக்கலம் பிடிவாதம் பிடித்தார். இலை போட்டாயிற்று. பணியாரமும் இடியாப்பமும் வைத்தாயிற்று. ஒருவரும் வரவில்லை. மெஷின் ஓடி மாவு பறந்ததில் அடைக்கலத்துக்கு மூச்சு முட்டியது. துண்டை எடுத்துத் தலையையும் மூக்கையும் சுற்றிக்கொண்டார். இலை காய்கிறதே என்ற கவலையில் முதல் இலைக்கு எதிரில் சற்று உட்கார்ந்தார்.

“வந்துட்டாரு” என்று தவசி குசுகுசுத்தான். மூவரும் ஓடிவந்து கைகூப்பி நின்றார்கள். வைரவன் ஓரடி முன்னால் வந்து கேட்டான்.

“ஐயா, அன்னைக்கு டீ குடுத்தது நீங்கதானே?”

அடைக்கலம் பொய் சொல்லிப் பழகாதவர். “ஆமாம்ப்பா, நான்தான் குடுத்தேன்.”

“எங்க அண்ணன் உங்க கையைப் புடிச்சு ஒரு வார்த்தை சொல்லணும்னு நாலு நாளாத் தவிச்சுப்போயிட்டாரு. இந்த நேரம் பாத்து எங்க போனாரோ தெரியலையே.” வைரவன் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு உமையாளிடம் கேட்டான். “ஆச்சி, அண்ணனைப் பாத்தீகளா?”

உமையாள் மாவைச் சலித்துக்கொண்டே நிமிராமல் சொன்னாள். “கல்யாணமான நாள்லேருந்து நானும் அவுகளைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்.”

மூவரும் மூன்று ரோட்டுக்கும் பிரிந்து ஓடினார்கள். இவ்வளவு பெரிய மனுஷனை இலைமுன் காக்க வைத்துவிட்டு அந்த அடைக்கலம் எங்கே போய்த் தொலைந்தான் என்று அடைக்கலத்துக்கே ஆத்திரமாக வந்தது. இலையை இன்னொரு இலையால் மூடிவைத்துவிட்டு, அவரும் தேட எழுந்து போனார்.